நீல அங்கியின் மணிகள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணல். ஒற்று எங்கே வரும், பெரிய றகரம் எங்கே வரும் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம்தான். தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு வரை போனேன், அவ்வளவே. வேதத்தில் மனத்தில் தங்கிய ஒரு பகுதியைப் பற்றி ஒவ்வொருவரும் எழுதித் தர வேண்டும் என்று சபையில் சொன்னார்கள். மற்றவர்கள் சிலுவையைப் பற்றியும் உயிர்த்தெழுதலைப் பற்றியும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்குத் தங்கியது பழைய ஏற்பாட்டு ஆசாரியனின் உடுப்பு. அதைச் சொல்லக் கூச்சப்பட்டே இத்தனை மாதம் போய்விட்டது.

அப்போது நானும் என் மனைவியும் பெக்கான் நானாஸுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது. காய்ச்சல் வந்து மூன்றாம் நாள் இறந்துபோனது. அடக்கம் செய்த மறுநாள் நான் வேலைக்குப் போனேன். மரம் சீவினேன், பால் எடுத்தேன், வாளியைக் கழுவினேன். பசித்தது, சாப்பிட்டேன்.

என் மனைவி வேலையை விட்டுவிட்டாள். லயத்து வரிசை வீட்டில் தனியாக இருக்கவும் மாட்டாள். காலையில் என் பின்னாலேயே பால்மரக் காட்டுக்கு வருவாள். நான் மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எங்கேயாவது நடந்துவிடுவாள். ஒருநாள் தோட்டத்தின் கோடியிலுள்ள பெரிய கால்வாயில், இடுப்பளவு தண்ணீரில் நின்றிருக்கிறாள். அந்தப் பக்கம் புல் அறுக்க வந்த ஜாவாக்காரர் பார்த்துக் கூட்டிவந்தார். ஏன் போனாய் என்று கேட்டேன்.

"சும்மாதான்" என்றாள்.

அடுத்த முறை அந்த ஜாவாக்காரர் அங்கே இருக்கமாட்டார். அந்த நாட்களில் எனக்குள் அந்தப் பயம் ஒன்றுதான் இருந்தது. வேறு எதுவும் இருந்ததாக நினைவில்லை.

அதே மாதங்களில்தான் எங்கள் உபதேசியார் பிரதான ஆசாரியனின் உடுப்பைப் பற்றி ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்தார். என் மனைவியும் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருப்பாள். வெள்ளைப் பஞ்சுநூல் சட்டை சுத்தத்துக்கு அடையாளம் என்றார். மார்ப்பதக்கத்தில் பன்னிரண்டு கற்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கோத்திரத்தின் பெயர். ஜனங்களையெல்லாம் நெஞ்சின்மேல் சுமந்துகொண்டுதான் அவன் ஆண்டவர் முன்னால் போகவேண்டும். நெற்றியில் பொன் தகடு. எல்லாவற்றையும் கேட்டேன். நெஞ்சில் சுமப்பது என்று அவர் சொன்னபோது என் நெஞ்சைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். அங்கே பாரமாக ஒன்றும் தெரியவில்லை.

பிறகு நீல அங்கியின் முறை வந்தது. அதன் கீழ் ஓரத்தைச் சுற்றி ஒரு பொன்மணி, ஒரு மாதுளம்பழம், மறுபடி ஒரு மணி. பழம் நூலால் செய்தது. எங்களில் பாதிப்பேர் மாதுளையைக் கண்டதில்லை.

"மங்குஸ்தான் மாதிரிங்களா ஐயா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"அதுக்கும் தலையில கிரீடம் இருக்குதுல்ல, மங்குஸ்தான்னே வச்சுக்கோங்க" என்றார் உபதேசியார். எல்லோரும் சிரித்தார்கள்.

மணிக்கும் அவர் அர்த்தம் சொன்னார். ஆசாரியன் பரிசுத்த இடத்துக்குள் போனபின் அவனுக்கு என்ன ஆனது என்று வெளியில் நிற்பவர்களுக்குத் தெரியாது. மணி கேட்டால் அவன் சாகவில்லை, உள்ளே நடமாடுகிறான் என்று அர்த்தம்.

அது மட்டும் எனக்குப் புரிந்தது. மறுநாள் வேலை முடிந்ததும் டவுனுக்குப் போய் ராவுத்தர் கடையில் ஆட்டுக்குக் கட்டும் சின்ன வெண்கல மணிகள் வாங்கினேன்.

"எத்தன ஆடு வளக்கிறீங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

"நாலு" என்று பொய் சொன்னேன்.

அன்று சாயங்காலம் நான்கு மணிகளையும் அவள் சேலை ஓரத்தில் தைத்தேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. ஊசி குத்தாதபடி காலைச் சற்று நகர்த்திக்கொண்டாள்.

அதன்பின் காட்டில் காதால் அவளைப் பார்த்துக்கொண்டேன். மணி கேட்டால் அடுத்த மரத்துக்குப் போவேன். கேட்கவில்லையென்றால் கத்தியைப் போட்டுவிட்டுத் தேடுவேன். லயத்தில் பேச்சு கிளம்பியது. பக்கத்து வீட்டு அம்மாள் குழாயடியில் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"என்னாண்ணே, வூட்டுக்காரிக்கு மணி கட்டிட்டீங்க. மூக்கணாங்கயிறு எப்போ?"

வாளியை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் சபையில் பெண்கள் நகை போடக்கூடாது. அதனால் உபதேசியாரும் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"கொலுசு வேணாம்னுதான தம்பி எல்லாருக்கும் சொல்லியிருக்கோம்?"

"கொலுசு இல்லீங்க ஐயா. நீங்க சொன்னதுதாங்க. சத்தம் கேட்டா உசுரோட இருக்காங்கன்னு."

"அது ஆசாரியனுக்குப்பா."

அவர் என் மனைவியின் கால்களைப் பார்த்தார். மணியை எடுக்கச் சொல்லாமலேயே போய்விட்டார்.

ஒரு காலையில் மணி நின்றது. கால்வாய்வரை ஓடினேன். அவள் அங்கே இல்லை. திரும்பி வரும்போது, நான் சீவிக்கொண்டிருந்த மரத்துக்கு நாலைந்து வரிசை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். நான்கு மணிகளையும் துணியோடு கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"பயந்துட்டீங்களா?"

"ஆமா."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு. பாப்பா போனதுலேருந்து உங்க சத்தமே இல்ல. பக்கத்துல படுத்திருக்கீங்க, இருக்கீங்களா இல்லையான்னு தெரியல. நான் வெளியதான் நிக்கிறேன். அந்த ஆசாரியன் மாதிரி உள்ள போனது நீங்க."

ஏதாவது சொல்லவேண்டும் என்று நின்றேன். வாயில் வந்தது இதுதான்.

"பாப்பா பெட்டிக்கு ஆணி நான்தான் அடிச்சேன். அஞ்சாவது ஆணி வளைஞ்சுபோச்சு. புடுங்கிட்டு வேற அடிச்சேன்."

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்று பால் குறைந்துபோய்க் கங்காணியிடம் ஏச்சு வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சேலையிலிருந்து இரண்டு மணிகளைப் பல்லால் நூலைக் கடித்து எடுத்து, என் வேலைச் சட்டையின் ஓரத்தில் தைத்தாள். நடுவில் சிவப்பு நூலை உருண்டையாகச் சுற்றி வைத்தாள். இல்லாவிட்டால் மணிகள் ஒன்றோடொன்று மோதுமாம். மறுநாள் விடியற்காலையில் ஆள் எண்ணும் இடத்தில், "எலியெல்லாம் ஓடுங்கடா, பூன வந்துருச்சு" என்றார் கங்காணி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. சட்டையைக் கழற்றவில்லை.

அவள் எப்போது சரியானாள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மறுபடி வேலைக்கு வர வெகுநாள் ஆனது. அதுவரை மரங்களுக்கு இடையில் எங்கேயாவது உட்கார்ந்திருப்பாள். நான் ஒரே இடத்தில் அதிக நேரம் நின்று என் மணி ஓய்ந்துபோனால், "ஏங்க" என்று அங்கிருந்து கூப்பிடுவாள்.

"இருக்கேன்" என்பேன். பிறகு அடுத்த மரத்துக்குப் போவேன்.

1938 ஆகஸ்டு 14, ஞாயிற்றுக்கிழமை.