கரையில் சொன்னதும் மண்டபத்தில் சொன்னதும்

ஜெயராணி அக்கா காலமான செய்தி ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்தது. நான் முற்றத்தில் திரளி மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவருடைய தங்கை யோகம்தான் அழைத்தார். "தவமக்கா, அக்கா போயிற்றா. நெஞ்சுக்குள்ள நோகுது எண்டா. ஆசுபத்திரிக்குக் கொண்டு போகக்குள்ளயே முடிஞ்சிது" என்றார். நான் "ஓம்" என்று மட்டும் சொன்னேன். மிச்ச மீனையும் கழுவி முடித்தேன். நான்கு வருடங்களாக நான் அவரோடு பேசவில்லை. முதலில் வந்தது கோபம்தான். எனக்குப் பதில் சொல்லாமலே போய்விட்டாரே என்ற கோபம்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி யோகம் பிறகு கேட்டார். "நல்லத மட்டும் எழுத எனக்கு ஏலா, யோகம்" என்றேன். "நல்லத எழுத வேற ஆக்கள் இரிக்காங்க. நீங்க நடந்தத எழுதுங்க" என்றார். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா நகரத்துப் பாடசாலை ஒன்றில் முப்பது வருடம் ஆய்வுகூட உதவியாளராக இருந்தவர். ஆசிரியர்கள் கரும்பலகையில் ஒளித்தொகுப்பை எழுதிப் போட, இலையை அவித்து, மதுசாரத்தில் பச்சையத்தைக் கழுவி எடுத்து, அயடீன் துளி விட்டு நீலமாக்கிக் காட்டும் வேலை அவருடையது. வெயிலில் நின்ற இலை நீலமாகும், இருட்டில் வைத்த இலை ஆகாது. "எத்தின தரம் செஞ்சிருப்பன். ஒவ்வொரு தரமும் இந்தத் தரம் நீலம் வராதோ எண்டு நெஞ்சு அடிக்கும்" என்பார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றதும், வவுணதீவுப் பக்கம் வாவிக்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கு, தங்கை வீட்டோடு வந்து சேர்ந்தார்.

நான் அப்போது எங்கள் மீனவர் சங்கத்துச் செயலாளர். என் கணவர் கணேசன் தோணித் தொழில். ஒருநாள் காலை அக்கா இரண்டு கண்ணாடிப் போத்தல்களோடு கரைக்கு வந்தார். ஒன்றைக் கறுப்புத் துணியால் இறுகச் சுற்றியிருந்தார். இரண்டிலும் வாவித் தண்ணீரை நிரப்பி மூடி, நடுவாவியில் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும் என்றார். கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோணியில் ஏறும்போது அவர் கண்ணை இறுக மூடியதைக் கண்டிருந்தேன். தண்ணீரென்றால் அவருக்கு அவ்வளவு பயம். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். எங்கள் பழக்கம் அப்படித் தொடங்கியது.

பின்நேரம் போத்தல்களை இழுத்தெடுத்து, மரத்து நிழலில் வைத்து மருந்துகளைக் கலந்தார். தண்ணீர் நீலமாகியது. இன்னொரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அந்த நீலத்தைப் போக்கினார். எத்தனை சொட்டு என்று எண்ணும் வேலையை எனக்குத் தந்தார். துணி சுற்றாத போத்தலுக்கு அதிகச் சொட்டு வேண்டியிருந்தது. கறுப்புத் துணிப் போத்தலுக்குக் கொஞ்சம் போதும்.

"சொட்டுக் கூடினா ஒட்சிசன் கூட இரிக்கி எண்டு அர்த்தம்" என்றார்.

"ஒரே தண்ணிதானே அக்கா?"

"தண்ணி ஒண்டுதான். வெயில்தான் வேற. கண்ணுக்குத் தெரியாத பச்சை அல்காக்கள், ஒரு வகைப் பாசி, இந்தத் தண்ணி முழுக்க இரிக்கி. வெயில் பட்டா அதுகள் தண்ணிய உடைக்கும். அதோட காபனீரொட்சைட்டச் சேத்து சீனி செய்யும். அதுதான் அதுகளுக்குச் சாப்பாடு. தண்ணிய உடைக்கக்குள்ள மிஞ்சுற ஒட்சிசன வெளிய விட்டிரும். அதத்தான் மீன் மூச்செடுக்கிற."

"கறுப்புப் போத்தலுக்க?"

"அதுக்குள்ளயும் அதே அல்காதான். வெளிச்சம் இல்லாட்டிச் செய்ய ஏலா. ஆனா மூச்செடுக்கிறத நிப்பாட்டவும் ஏலா. அதால இருந்த ஒட்சிசனும் குறைஞ்சு போச்சு."

பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்த பாடம் எனக்கு அன்றுதான் விளங்கியது. அந்த வருடம் அமிர்தகழிக் குளத்தில் தீர்த்தமாட இருவரும் சேர்ந்து போனோம். எல்லோரும் தலை முழுகினார்கள். அக்கா மட்டும் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தபடி நின்றார். "சாமியப் பாருங்க அக்கா" என்றேன். "பாத்திட்டுத்தான் நிக்கிறன்" என்றார். இப்படிப்பட்ட ஒருவரை நான் நம்பாமல் வேறு யாரை நம்பியிருப்பேன்?

அடுத்த வருடம் எங்கள் கரையில் மீன் செத்தது. விடியும் நேரம் கணேசன் தோணிக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்து, "வந்து பார்" என்றார். யப்பான் மீன், திரளி, கெளிறு எல்லாம் வயிறு வெளுத்துக் கரை நீளத்துக்கு மிதந்தன. தண்ணீர் கடும் பச்சையாக, கையில் ஒட்டும் பதத்தில் இருந்தது. எங்கள் கரைக்கு மேலே ஒரு தனியார் இறால் பண்ணை இருந்தது. அதன் குளத்துத் தண்ணீர் ஒரு வாய்க்கால் வழியாக வாவிக்குள் விழும். எல்லோரும் அந்த வாய்க்காலைத்தான் பார்த்தோம்.

அக்கா ஐந்து வாரம் அளந்தார். ஒவ்வொரு நாளும் விடியலில் ஒருதரம், பின்நேரம் ஒருதரம். நான் துடுப்புப் பிடித்தேன். பின்நேரங்களில் ஒட்சிசன் அளவுக்கு மிஞ்சி இருந்தது. விடியலில் இல்லையென்றே சொல்லலாம்.

"பச்சை கூடினா ஒட்சிசனும் கூடத்தானே வேணும்?" என்று கேட்டேன்.

"பகல்ல கூடும். பொழுது பட்டா இவ்வளவு அல்காவும் சேந்து மூச்செடுக்கும். விடியுமட்டும் இருக்கிறதையெல்லாம் முடிச்சிரும். மேல படர்ந்த பச்சை வெளிச்சத்த மறைக்கிறதால அடியில உள்ள சாதாழைச் செடியெல்லாம் செத்து அழுகும். அழுகுறதுக்கும் ஒட்சிசன் வேணும். மறுகா மீனுக்கு என்ன மிஞ்சும்?"

"இவ்வளவு பச்சை எங்கயிருந்து வந்த?"

தோணி கரை சேர்ந்ததும் அக்கா இறங்கி நின்று வாய்க்காலைக் காட்டினார். "யாரோ இதுக்குச் சாப்பாடு போடுறாங்க. பயிருக்கு உரம் போட்ட மாதிரி. இறால் தின்னாத தீனெல்லாம் கரைஞ்சு இஞ்சதான் வருது. இந்த வாய்க்கால்தான், தவம். எனக்கு நூறு வீதம் நிச்சயம்."

நூறு வீதம். அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுதான், பண்ணைக்கு எதிரான முறைப்பாட்டுக்குக் கையெழுத்து வாங்க நான் வீடு வீடாகப் போனேன். எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் அந்தப் பண்ணையில் இறாலைத் தரம் பிரிக்கும் வேலை செய்துவந்தார்கள். என் மச்சாள் புஷ்பமும் அங்கேதான். "கையெழுத்து வச்சா வேலை போயிரும், மச்சாள்" என்றார் அவர். "ஜெயராணி அக்கா அளந்து பாத்துச் சொல்லியிருக்கா. பண்ணை பிழை எண்டு தீர்ந்தா உன்ன நிப்பாட்ட ஏலா" என்றேன். புஷ்பம் கையெழுத்து வைத்தார். முறைப்பாடு அனுப்பிய கிழமையே அவரையும், கையெழுத்து வைத்த மற்றப் பெண்களையும் பண்ணை நிறுத்தியது. விசாரணை முடிந்தால் சரியாகும் என்று எல்லோருக்கும் நான்தான் சொன்னேன்.

விசாரணை ஊர்ப் பொதுமண்டபத்தில் நடந்தது. அக்கா சேலை உடுத்தி, அளவுகள் எழுதிய கொப்பியோடு வந்தார். விசாரிக்க வந்த அரசாங்க அதிகாரி எல்லாவற்றையும் மரியாதையாகத்தான் கேட்டார். கடைசியில், "அம்மா, மீன் செத்ததுக்கு இந்த வாய்க்கால் தண்ணிதான் காரணம் எண்டு உங்களால உறுதியாச் சொல்ல ஏலுமா?" என்றார்.

அக்கா கொப்பியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"இல்ல ஐயா. உறுதியாச் சொல்ல ஏலா. நான் ஒட்சிசன் மட்டும்தான் அளந்தன். நைதரசன், பொசுபரசு அளக்க என்னட்ட வசதியில்ல. மேல வயல் வட்டைகள்ல வேளாண்மைக்குப் போடுற உரமும் மழைத் தண்ணியோட வாவிக்குத்தான் வருது. எது எவ்வளவு எண்டு எனக்குத் தெரியாது."

அதிகாரி எழுதிக்கொண்டார். பண்ணைக்காரர்கள் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. வட்டையில் வேளாண்மை செய்கிறவர்களும் எங்கள் ஊர்க்காரர்கள்தான். அவர்கள் திரும்பி எங்களைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. காரணம் நிரூபிக்கப்படவில்லை என்று முறைப்பாட்டை முடித்துவிட்டார்கள்.

வெளியில் வேலியோரம் அக்காவை மறித்தேன்.

"நூறு வீதம் எண்டு சொன்னீங்க."

"ஓம். சொன்னன்."

"அப்ப எது பொய்?"

"ரெண்டும் பொய்யில்ல, தவம். உனக்குச் சொன்னது என்ட மனசில இருந்தது. அவருக்குச் சொன்னது போத்தல்ல இருந்தது."

"அத எனக்கு முந்தியே சொல்லியிருந்தா நான் புஷ்பத்திட்டப் போயிருக்க மாட்டன்."

அக்கா குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

மண்டபத்தில் அவர் சொன்னது சரியென்று எனக்கும் தெரியும். அளக்காததை அளந்தேன் என்று அவர் சொல்லியிருக்க முடியாது. அந்தச் சந்தேகத்தை ஐந்து வாரமும் ஒரே தோணியில் எதிரே இருந்த எனக்குச் சொல்லாமல், முன்பின் தெரியாத ஒருவருக்குச் சொன்னாரே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அவருக்கு எங்களுடைய தோணி வேண்டியிருந்தது, எங்களுடைய நம்பிக்கையும் வேண்டியிருந்தது. அந்த நம்பிக்கையில் நாங்கள் எதை வைத்தோம் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

கணேசன் தோணியை விற்றுவிட்டுக் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போனார். புஷ்பம் இரண்டு வருடம் என் வீட்டுப் படி ஏறவில்லை. நான் செயலாளர் பதவியை விட்டேன். அக்கா இரண்டு தரம் என்னைத் தேடி வந்தார். இரண்டு தரமும் கதிரை கொடுத்தேன், தேத்தண்ணி கொடுத்தேன், வாய் திறக்கவில்லை. மூன்றாம் தரம் அவர் வரவில்லை.

பிறகு இறாலுக்கு நோய் வந்து பண்ணை தானாகவே மூடப்பட்டது. அடுத்த மாரிக்கு வட்டைகளில் வழமைபோல உரம் போட்டார்கள், மழையும் வழமைபோலப் பெய்தது. வாவி பச்சையாகவில்லை. யோகம் ஒரு செய்தியோடு வந்தார். "அக்கா சொல்லச் சொன்னா. விடியக்கால ஒட்சிசன் அளவு அஞ்சுக்கு மேல வந்திட்டாம். மீன் மூச்செடுக்க அது காணுமாம்."

கரையில் எனக்குச் சொன்னதுதான் சரியென்று அவருக்கும் தெரிந்துவிட்டது. தானே வந்து சொல்லியிருக்கலாம். "அதுக்கு நான் என்ன செய்யட்டாம்?" என்று கேட்டு அனுப்பினேன். அதற்கும் பதில் வரவில்லை. அதுதான் எங்களுக்குள் நடந்த கடைசிப் பேச்சு.

சாவீட்டுக்குப் போவதில்லை என்றிருந்தேன். புஷ்பம் வந்து, "வா மச்சாள், போவம்" என்று கூப்பிட்டார். வேலை இழந்தவரே போகும்போது நான் வீட்டில் நிற்க முடியவில்லை. அக்கா மெலிந்து, அடையாளம் தெரியாதபடி கிடந்தார். வாய்க்கரிசி போடும் நேரம் பெண்கள் ஒவ்வொருவராகச் சுற்றி வந்தார்கள். என் முறை வந்தபோது அரிசியைக் கைக்குள் பொத்திப் பிடித்தபடி நின்றுவிட்டேன். பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

குனிந்து, அந்த மூடிய உதட்டின் மேல் அரிசியை வைத்தேன். சில மணிகள் கன்னத்தால் வழிந்து காதோரம் விழுந்தன. அவற்றைப் பொறுக்கியெடுத்துத் திரும்பவும் வைத்தேன்.

"கோபம் இன்னும் போகல்ல அக்கா. போயிட்டு வாங்க" என்றேன்.