நதானியேல் மாஸ்டருக்கு ஒன்றுமில்லை

கொக்குவிலில் றெயில் பாதையை ஒட்டிய ஒழுங்கையில் ஜொய்சியின் வீடு. விறாந்தையில் ஒரு மேசை, அதன்மேல் கம்பனி கொடுத்த மடிக்கணினி. காற்றுக்காகவோ வெளிச்சத்துக்காகவோ அவள் மேசையை அங்கே போடவில்லை. அங்கேயிருந்தால்தான் கேற் தெரியும். அப்பா கேற்றைத் திறந்தால் நாலு எட்டில் போய்ப் பிடித்துவிடலாம்.

அப்பா நதானியேல், மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சில வருடங்களாக அவருக்கு மறதி. சும்மா கண்ணாடியை எங்கே வைத்தேன் என்கிற மறதியல்ல. மகளின் பெயர் மறந்து, குளித்ததும் சாப்பிட்டதும் மறந்து, கடைசியில் மலசலகூடம் எந்தப் பக்கம் என்பதும் மறந்துபோனது. ஒன்று மட்டும் மறக்கவில்லை. "பெல் அடிச்சிட்டுது" என்பார், இடுப்பில் கட்டிய சாரத்தோடு எழுந்து பள்ளிக்கூடத்துக்கு நடப்பார். ஒருமுறை தண்டவாளத்தின் நடுவில் நின்றவரை மீன் வியாபாரி ஒருவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய் இழுத்துவந்தார். மேசை விறாந்தைக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

ஜொய்சிக்கு முப்பத்தாறு வயது, ஒரே பிள்ளை, மணமாகவில்லை. வெளிநாட்டு வாகன விபத்துகளின் காப்புறுதிக் கோரிக்கைகளைச் சரிபார்க்கிற கொழும்புக் கம்பனியில் வேலை. கொரோனா நேரம் கம்பனியே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியது. கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த வாடகை அறையைக் காலிசெய்துவிட்டு வந்தவள், அப்படியே இருந்துவிட்டாள். வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. அம்மா பியாட்றிஸுக்கு முழங்கால் மடங்காது. ஓடிப்போய் ஆளைப் பிடிக்க வீட்டில் ஜொய்சியை விட்டால் வேறு ஆளில்லை.

போன மாசி மாதம் அறிவித்தல் வந்தது. சித்திரையிலிருந்து எல்லாரும் அலுவலகத்துக்கு வரவேண்டும். "ஒன்றாக இருப்போம், ஒன்றாக வளர்வோம்" என்று தலைப்பில் போட்டிருந்தார்கள். வீட்டில் கடும் நோயாளி இருந்தால் விலக்குக் கேட்கலாம், வைத்தியரின் சான்றிதழ் வேண்டும்.

சான்றிதழ் எங்கே இருக்கிறது? பியாட்றிஸ் கணவரை ஒரு நாளும் கிளினிக்குக் கொண்டுபோனதில்லை.

"அங்கை கொண்டுபோய்ச் சனத்துக்கு நடுவிலை வாங்கிலை இருத்தினால் ஞாயிற்றுக்கிழமை சேர்ச் முழுக்க அதுதான் கதை. அரைவாசிப் பேர் இவரிட்டைப் படிச்சதுகள். மாஸ்டருக்கு மூளை பிசகி விசராம் எண்டு சொல்லுவினம். தேவையோ?"

சேர்ச்சில் யாராவது கேட்டால், "அவருக்கு ஒண்டுமில்லை, வெயில் ஒத்துவராது, அதுதான் வாறேல்லை" என்பதோடு முடித்துவிடுவார்.

சான்றிதழ் இல்லாமலே ஜொய்சி நிலைமையை எழுதி அனுப்பினாள். ஊழியர் விவகாரம் பார்க்கிற ஆளணிப் பிரிவிலிருந்து கிருஷாந் பதில் போட்டார். கொழும்பில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நல்ல மனிதர். ஆள் சேர்க்கும் கூட்டமொன்றுக்கு யாழ்ப்பாணம் வருகிறாராம், வீட்டுக்கே வந்து பார்க்கிறாராம், நேரில் பார்த்தால் சான்றிதழ் இல்லாமலே மேலிடத்தில் கதைப்பாராம்.

ஜொய்சிக்கு உயிர் வந்தது. "அம்மா, அப்பா இருக்கிறபடி இருக்கட்டும். அவர் அதைத்தான் பாக்க வாறார்."

"ஓம் ஓம், விளங்குது."

சனிக்கிழமை காலை ஜொய்சி சந்தைக்குப் போய்த் திரும்பியபோது, வளவுக்குள் அப்பா கதிரையில் இருக்க, சலூன்காரர் முகம் வழித்துக்கொண்டிருந்தார். விறாந்தை மேசை உள்ளே போயிருந்தது. திரைச்சீலை புதிது. கண்ணாடி அலுமாரிக்குள் கிடந்த தேநீர்க் கோப்பைகள் கழுவித் துடைக்கப்பட்டிருந்தன. குசினியில் பற்றிஸ் பொரிந்தது.

"என்னம்மா உது?"

"வீட்டுக்கு ஆள் வருகுது, மூத்திர மணத்துக்குள்ளையோ இருத்திறது?"

பின்னேரம் கிருஷாந் வந்தார். நதானியேல் வெள்ளை நீளக் காற்சட்டையோடு எழுந்து நின்று கைகொடுத்தார். பிறகு ஆங்கிலத்தில் தொடங்கினார். பயணம் எப்படி, எந்தப் பள்ளிக்கூடம், பாட்டனாரின் ஊர் எது. தேநீர் வந்ததும் கண்ணை மூடிச் சின்னதாய் ஒரு ஜெபம் செய்தார், ஒரு சொல் பிசகவில்லை. இந்த நோய் சிலரில் இப்படித்தான். புது ஆளைக் கண்டால் உள்ளே மிச்சமிருப்பதையெல்லாம் கூட்டி அள்ளிக்கொண்டு பழைய மனிதர் எழுந்து வருவார். வைத்தியர்களுக்குத் தெரிந்த விடயம். கிருஷாந்துக்கு எப்படித் தெரியும்?

அவர் பியாட்றிஸிடம் நேராகவே கேட்டார். "அன்ரி, இவரைப் பார்த்துக்கொள்றது கஷ்டமா இருக்கா?"

ஜொய்சி அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"ஆண்டவற்றை கிருபையாலை ஒரு குறையுமில்லைத் தம்பி. கொஞ்சம் மறதி. வயசு போனால் ஆருக்குத்தான் இல்லை?"

"சேர், அவர் ரோட்டுக்குப் போயிடுவார், தண்டவாளத்திலை..." என்று ஜொய்சி தொடங்கினாள்.

"பின்னேரத்திலை ஒரு நடை போறவர்தான்," என்றார் பியாட்றிஸ். "பிள்ளை, தம்பிக்கு இன்னொரு பற்றிஸ் வை."

கிருஷாந்தின் வாகனம் ஒழுங்கை முடக்கில் திரும்பவில்லை, அதற்குள் நதானியேல், "உவன் ஆர்?" என்று கேட்டார். வெள்ளைக் காற்சட்டை நனைந்து, மூத்திரம் கதிரையால் வழிந்தது. பியாட்றிஸ் வாளியும் துணியுமாக வந்தார். அவரது முகத்தில் ஒரு வெளிச்சம்.

"எப்பிடிக் கதைச்சார், கண்டியே?"

ஜொய்சி ஏசுவதற்கென்று வாயைத் திறந்தவள், மூடிக்கொண்டாள். அம்மாவுக்குத் தன் புருசன் ஒரு மணித்தியாலம் திரும்பிக் கிடைத்திருந்தார்.

திங்கட்கிழமை பதில் வந்தது. விலக்கு இல்லை. அவள் கிருஷாந்துக்கு அழைத்தாள்.

"ஜொய்சி, நான் அவரோட இருந்து பேசிட்டுத்தானே வந்தேன். என்னைவிட நல்லா இங்கிலிஷ் பேசுறார்."

"நீங்கள் வெளிக்கிட்ட உடனை உங்களை ஆரெண்டு கேட்டவர் சேர். அம்மா மறைச்சவா. எங்கடை ஆக்கள் வந்தவைக்கு முன்னாலை அப்பிடித்தான்."

"வீட்டுல இருந்து வேலை செய்யத்தான் எல்லாருக்கும் விருப்பம். அதுக்காக அப்பாவை இப்படிச் சொல்ல வேணாம். டொக்டர்ட லெட்டர் ஒண்டு எடுங்க, பார்ப்போம்."

கிருஷாந் சொன்னதை ஜொய்சி அப்படியே அம்மாவிடம் சொன்னாள். மூன்றாம் நாள் பியாட்றிஸ் தானே ஓட்டோவைக் கூப்பிட்டு, சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துவிட்டு, கணவரோடு ஏறினார். கிளினிக்கில் கூட்டம் அலைமோதியது. நிபுணரைப் பார்க்க வைகாசிக் கடைசியில் திகதி கொடுத்தார்கள். அதற்கு முன் கடிதம் தரமுடியாது என்றார்கள்.

வேலையை விட்டால் வீட்டில் உலை ஏறாது. சித்திரை பிறந்ததும் ஜொய்சி கொழும்பு றெயிலேறினாள். பகலில் வந்து நிற்கச் சின்னத்தங்கம் என்கிற பெண்ணை ஒழுங்குசெய்திருந்தாள். அவர் நாலாம் நாள், "என்னாலை பின்னாலை ஓடேலாது அக்கா" என்று பியாட்றிஸிடம் சொல்லி வேலையை விட்டு நின்றுவிட்டார்.

அலுவலகத்தில் ஜொய்சிக்கென்று கதிரை இல்லை, காலையில் எது காலியோ அது. அவளோடு ஒரே வேலையைச் செய்கிற நாலு பேரில் இரண்டு பேர் மணிலாவில், ஒருவர் கண்டிக் கிளையில். நாள் முழுக்க அவர்களோடு திரையில்தான் கதை, கொக்குவிலில் கதைத்ததுபோலவே. அருகில் இருந்தவள் வித்தியா மட்டும். வத்தளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள்.

"வா, வா," என்றாள் வித்தியா, முதல் நாளே. "எவ்வளவு வளர்ந்திருக்கோம் பார்."

வாடிக்கையாளரின் தகவல் வெளியே போகக்கூடாது என்பதால் கைபேசியை வாசலில் உள்ள இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகலாம். சாப்பாட்டு நேரத்தில் எடுக்கலாம்.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை, கைபேசியை எடுத்தபோது அம்மாவின் அழைப்புகள் வரிசையாய்க் கிடந்தன. உடனே அழைத்தாள்.

"ஆள் கிடைச்சிட்டார்," என்றார் பியாட்றிஸ் முதலிலேயே. "காலமை கேற் பூட்டித்தான் இருந்தது. மதிலாலை ஏறி விழுந்து, முழங்கையெல்லாம் உரிஞ்சு, ஸ்ரேசன் பக்கம் போயிட்டார். கடைக்காரர் கூட்டிக்கொண்டு வந்தவர்."

"எத்தினை மணிக்கம்மா?"

"நீ ஒபிசுக்குள்ளை போன உடனை. இப்பத்தான் வந்தவர்."

ஜொய்சி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள், மத்தியானம் தாண்டியிருந்தது.

"பிள்ளை, எனக்கு ஏலாது. அவரை அறைக்குள்ளை விட்டுக் கதவுக்கு வெளியாலை கொண்டி போடப்போறன். நீ வரும்வரைக்கும் எண்டு சொல்லுவம். நீ என்ன சொல்லுறாய்?"

வரும்வரைக்கும் என்றால் எதுவரைக்கும் என்று இருவரும் கேட்கவில்லை.

"கத்துவாரே அம்மா."

"கத்துவார்தான். ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி விடுறன், அயலுக்குக் கேக்காது."

வாசலில் வித்தியா கையை அசைத்தாள், நேரமாகிவிட்டது. ஜொய்சி கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"ஓம்," என்றாள். "கட்டிலை யன்னலடியிலை இருந்து இழுத்து விடுங்கோ, ஏறிடுவார். தண்ணி உள்ளை வைச்சிட்டுக் கொண்டியைப் போடுங்கோ."