ஈரலிலும் விழுந்த கோடு

எங்கள் தூத்துக்குடி ஆய்வுக்கூடத்துக்கு ஆன்டிபாடி விற்க வருபவர் எந்த வெயிலிலும் டையைத் தளர்த்த மாட்டார். வழியில் ஆன்டிபாடிக் குப்பிகளைக் குளிர வைக்கும் பெட்டியின் ஐஸ் கரைந்தால் திரேஸ்புரம் மீன்காரரிடம் வாங்கி நிரப்பிக்கொள்வார். அதனால் எங்கள் உயர்ந்த அறிவியல் எப்போதும் சாளை மீன் நாற்றத்தோடுதான் வந்து இறங்கும். குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி, முத்துக்கு விலை சொல்பவர் போல ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். உள்ளே இருப்பதோ தண்ணீர் மாதிரி ஒரு சொட்டு.

நரம்பு செல்லில் உள்ள ஓர் ஏற்பிப் புரதத்தை மட்டும் அது கண்டுபிடிக்க வேண்டும். புரதம் இருந்தால் சோதனைப் படத்தில் கறுப்புக் கோடு விழும். எலி மூளையில் விழுந்தது, மகிழ்ந்தோம். சரிபார்க்க, அந்தப் புரதமே இல்லாத ஈரலை வைத்தேன். அங்கேயும் அதே கோடு.

“அண்ணாச்சி, ஒங்க சரக்கு மூளைக்கும் ஈரலுக்கும் வித்தியாசம் பாக்க மாட்டேங்கு” என்றேன்.

அவர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே கேட்டார்: “ஈரல ஏன் சார் வச்சிய? வேற எந்த லேப்லயும் வைக்கதில்லையே.”

நான் சிரித்தேன். பக்கத்தில் நின்ற எங்கள் ஆய்வுக்கூடப் பேராசிரியர் சிரிக்கவில்லை.

எங்கள் கட்டுரை அச்சில் வந்தபோது படத்தில் மூளை மட்டும் இருந்தது. படத்தில் ஈரல் இருந்த பகுதியைக் கத்தரித்தவன் நான்தான். அந்த ஆன்டிபாடிக்காரர் சொன்னதில் பொய் எதுவென்று இன்றுவரை என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை.