பிரேக்குக்கு வண்டி மை போட்ட மாப்பிள்ளை

விளக்கெண்ணெயும் கருக்கின வைக்கோலும் கலந்த ஒரு வாசம்... மாட்டு வண்டி வைத்திருந்த வீட்டில் வாழ்ந்தவர்களுக்குச் சட்டென்று தெரியும். வண்டி மை. அச்சில் அதைத் தடவினால் சக்கரம் முனகாமல் ஓடும்.

அதே மையை மோட்டார் சைக்கிள் பிரேக்கில் தடவினால் என்ன ஆகும்? எனக்குத் தெரியும். நான் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நாமக்கல் பக்கம் எங்கள் காட்டில் கடலை, மரவள்ளி. வீட்டுக்காரர் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார். பிரேக் பிடித்தால் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும் பாருங்கள்... தெரு நாய்கள் எழுந்து நின்று மரியாதை செய்யும். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அவருக்கு முகம் சுருங்கிவிடும்.

அந்தச் சமயம் எங்கள் அண்ணனுக்குக் கல்யாணம். என் பிறந்த ஊர் திருச்செங்கோட்டுக்கு அந்தப் பக்கம். எங்கள் வழக்கத்தில், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் கூடப்பிறந்தவளை நிறுத்தி இணைச்சீர் செய்துவிட்டுத்தான் தாலி கட்டுவார்கள். அண்ணனுக்கு ஒரே தங்கச்சி நான். நான் போய் நிற்காமல் சீர் இல்லை.

மாமியாருக்குக் காய்ச்சல். அதனால் கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம்தான் கிளம்ப முடிந்தது. பொழுது சாய்ந்ததும் சீர். பஸ்ஸில் போகலாம் என்றேன். "மோட்டார் சைக்கிள் வெச்சுக்கிட்டு மாமனார் ஊட்டுக்குப் பஸ்ஸுல போறதா?" என்று முறைத்தார்.

ஆச்சரியம்... அன்றைக்கு வண்டி சத்தமே போடவில்லை. கேட்டதற்கு மீசையைத் தடவிக்கொண்டார். பாதி தூரம் போனோம். ஒரு இறக்கத்தில் ஆட்டுக் கூட்டம் குறுக்கே வந்தது. அவர் பிரேக்கை அமுக்குகிறார், வண்டி பாட்டுக்குப் போகிறது. நல்லவேளை, ஆடுகளை விட்டு ஒதுக்கி, உழுது போட்டிருந்த காட்டுக்குள் விட்டார். புழுதியில் குப்புற விழுந்ததோடு சரி.

எழுந்ததும்தான் சொன்னார். என் சொந்தக்காரர்கள் முன்னால் வண்டி கத்தினால் சிரிப்பார்களே என்று, கிளம்புவதற்கு முந்தின நாளே சக்கரத்தைக் கழற்றி, இரண்டு பிரேக்குக்கும் வண்டி மை போட்டிருக்கிறார். முனகுகிற சக்கரத்துக்கு மை போட்டே வளர்ந்த மனுஷன். அவருக்கு வேறென்ன தோன்றும்?

கொஞ்ச தூரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் ஒரு லாரிப் பட்டறை. சேலத்துக்காரர் ஆரோக்கியசாமி நடத்திக்கொண்டிருந்தார். சக்கரத்தைக் கழற்றி உள்ளே மோந்து பார்த்தார்.

"மை போட்டீங்க, சரி. மாடு ரெண்டையும் எங்க விட்டுட்டு வந்தீங்க?"

பட்டறையே சிரித்தது. நானும்தான். என் வீட்டுக்காரர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

எண்ணெய் குடித்த பிரேக் ஷூ இனி பிடிக்காது, வேறு போட வேண்டும் என்றார் ஆரோக்கியசாமி. வெளியே ஒரு லாரி கிளம்பிக்கொண்டிருந்தது, திருச்செங்கோடு வழியாகத்தான். டிரைவர் என்னை மட்டும் ஏற்றிக்கொள்கிறேன் என்றார்.

"நீ போ புள்ள. சீருக்கு நீ நிக்கோணும். நான் அப்பறமா வாரேன்" என்றார் இவர்.

போயிருக்கலாம். ஆனால் நான் மட்டும் லாரியிலிருந்து இறங்கினால், இவர் ராத்திரி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால், அந்தக் கல்யாண வீட்டில் இவர் காலத்துக்கும் தலை நிமிர முடியுமா?

"போனா எங்கண்ணன் மாப்ள எங்கீன்னு கேப்பான். ரெண்டு பேருமே போலாங்க மாமா."

லாரி போய்விட்டது.

ஆரோக்கியசாமி சாக்கின் மேல் இரண்டு ஜதை ஷூ வைத்தார். ஒன்றில் லாரியின் பிரேக் லைனிங்கை வெட்டி ஒட்டியிருந்தது. நல்ல தடிமன், புதுசு. இன்னொன்று வேறு வண்டியில் கழற்றியது, பாதி தேய்ந்தது. இவர் கை நேராகத் தடித்ததுக்குப் போனது. லாரியையே நிறுத்துகிறதே என்றார். அதை ராவி ராவித்தான் உள்ளே நுழைக்க முடியும், சூடேறினால்தான் பிடிக்கும், பொழுது போய்விடும் என்றார் ஆரோக்கியசாமி. நான் பழையதை எடுத்து நகத்தால் தடவினேன். முழுசாகத் தேய்ந்திருந்தால் ரிவிட் தலை நகத்தில் தட்டும்; எங்கேயும் தட்டவில்லை. வெடிப்பும் இல்லை. "முன் சக்கரத்துக்கு இதப் போடுங்கண்ணா, இன்னைக்கு ஊர் போய்ச் சேரட்டும்" என்றேன். பின் சக்கரத்துக்கும் அதே போல ஒரு ஜதை தேடி எடுத்தார்.

சக்கரத்தின் பிரேக் டிரம்மைச் சுத்தம் பண்ணும் வேலை எங்களுக்கு. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தோம், வெயிலில் காயவிட்டோம், உப்புத்தாளால் தேய்த்தோம். துடைக்கத் துடைக்கக் கருப்பு வந்துகொண்டே இருந்தது. அவ்வளவு தாராளமாகப் போட்டிருக்கிறார் மனுஷன்!

ஊர் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தான். பட்டுச் சேலையைக் கட்டி நேராகச் சீருக்குப் போய் நின்றேன். நகமெல்லாம் கருப்பு. பெரிய மாமா பார்த்துவிட்டார். என்ன சாமி கை இப்படி என்று கேட்டார். என் வீட்டுக்காரர் தூண் பக்கத்தில் நின்று என்னையே பார்க்கிறார். என் வாய் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியுமே...

"வர்ற வழியில பஞ்சருங்க மாமா" என்றேன்.

இத்தனை வருஷம் அவரைக் கிண்டல் பண்ணாத நாள் கிடையாது. அந்த மை விஷயத்தை மட்டும் என் பிறந்த வீட்டில் மூச்சுவிட்டதில்லை. இப்போது எழுதுவதுகூட அவரிடம் கேட்டுக்கொண்டுதான்.

இன்றைக்கு என் மகன் வண்டியில் டிஸ்க் பிரேக். ஞாயிற்றுக்கிழமையானால் காலிப்பரைக் கழற்றிப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கிறான். பிரேக் பேடு வேண்டுமென்றால் செல்போனில் நாலு விதம் பார்த்து ஆர்டர் போடுகிறான், வாசலுக்கே வந்துவிடுகிறது. சந்தோஷம்தான்.

அண்ணன் வீட்டுக்கு இப்போது காரில் போகிறோம். பின் சீட்டில் அவருக்கு ஒரு ஜன்னல், எனக்கு ஒரு ஜன்னல். நடுவில் பேரனின் சாமான்கள்.

அன்றைக்குப் பட்டறையிலிருந்து ஊர் வரைக்கும் அவர் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டே போனேன். பிரேக் பிடிக்குமோ என்ற பயம்தான் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நன்றாகவே பிடிக்கிறது என்று முதல் வளைவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.