கசியாத ஜாடி

செராமிக்ஸில் டிப்ளமா முடித்த கையோடு விருத்தாசலத்தில் ஒரு ஜாடிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி அப்போது ஜங்ஷன் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். மண்டபத்தைச் சுற்றி மரம் வைத்தாக வேண்டும். ஆனால் அந்தக் கோடையில், குழாய்த் தண்ணீரில் தோட்டத்துக்கு ஹோஸ் பிடிக்கக் கூடாது என்று நகராட்சி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதனால் கன்றுக்கு ஒரு பானை புதைப்பது என்று முடிவானது. பானையில் கசியும் ஈரத்தை வேர் குடித்துக்கொள்ளும். நாலு நாளைக்கு ஒருமுறை டேங்கர் தண்ணீரால் நிரப்பினால் போதும்.

தேவையானதை எழுதித் தரச் சொன்னார் மேனேஜர். அவர் முதலாளியின் மச்சான். எழுதினேன். புங்கன், வேம்பு, பூவரசு, மொத்தம் நாற்பது கன்று. மணல், எரு, மூடுவதற்குச் சருகு. ஏழாவதாக, சாதாரண மண்பானை நாற்பது. கிளேஸ், அதாவது கண்ணாடிப் பூச்சு, போட்டது கூடாது. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுவாரம் போய்ப் பார்த்தால், எங்கள் கம்பெனியில் கழித்துப்போட்ட ஊறுகாய் ஜாடிகள் கழுத்துவரை புதைந்திருந்தன. உள்ளும் புறமும் பளபளவென்று கிளேஸ். ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கசியக் கூடாது என்று நாங்களே பார்த்துப் பார்த்துச் சுட்டவை. வேறு ஊரில் இந்தத் தப்பு நடந்திருக்காது. அங்கே ஜாடி இப்படி மலைபோலக் குவிந்து கிடக்காது.

"இதுல தண்ணி கசியாது சார்" என்றேன் மேனேஜரிடம்.

"கழிசல் ஜாடிதான டிப்ளமா மேடம்? கழிசல்னா கசியும்."

"கோணலா இருக்குதுன்னு கழிச்சது. கசியுதுன்னு கழிக்கல."

"எழுதிக் குடுத்தீங்க இல்ல? அத்தோட உங்க வேல முடிஞ்சிது."

முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

மூன்று வாரத்தில் இலைகள் சுருண்டன. நாளைக்குப் பத்து ஜாடியாகப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவதற்கு நல்லூர்ப் பக்கமிருந்து ஓர் அக்கா தினம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். கொத்தனார்கள், பெயிண்டர்கள் எல்லோர் முன்னாலும் மேனேஜர் அவரை நிறுத்திக் கேட்டபோது நான் டைல்ஸ் சரிபார்க்க வந்திருந்தேன்.

"டேங்கர் தண்ணிய எந்த டீக்கடைக்கு ஊத்தற?"

"ஜாடி ரொம்பித்தான் கெடக்குது. ரொம்பின ஜாடில எங்கங்க ஊத்தறது?"

"நான் வரேன்னு தெரிஞ்சி இன்னிக்கு ரொப்பி வச்சிருக்க. திருடி. நாளையிலேருந்து வராத."

நான் குறுக்கே போனேன். மூன்று நாள் அவகாசம் கேட்டேன். ஒரு ஜாடியையும் அதன் பக்கத்தில் புதைத்த ஒரு மண்பானையையும் நிரப்பி, உள்ளே தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் குறித்து, வாயை மூடி மேனேஜரே கையெழுத்துப் போட்ட காகிதத்தை ஒட்டிக்கொள்ளட்டும். அதுவரை இந்த அக்கா வேலையில் இருக்கட்டும் என்றேன்.

"பந்தயமா மேடம்?" என்று சிரித்தார். அத்தனை பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை அவரால்.

நாலாம் நாள் காலை எல்லோரும் கூடி நிற்கத் திறந்தோம். மண்பானையில் பாதி இல்லை. சுற்றிலும் மண் கறுத்திருந்தது. ஜாடியில் தண்ணீர் பென்சில் கோட்டிலேயே நின்றது.

"நம்ம ஜாடி கியாரண்டி ஜாடி சார்" என்றார் ஒரு பெயிண்டர். மேனேஜரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

"சரி சரி, மண்பானையே வாங்கிப் பொதைங்க" என்று அவர் நகர்ந்தார்.

அக்கா விடவில்லை. "திருடின்னு எல்லாரு முன்னாடியும் சொன்னீங்க. இல்லன்னும் எல்லாரு முன்னாடியும் சொல்லுங்க."

"வேல இருக்குதுல்ல? போய் அதப் பாரு."

அக்கா என் பக்கம் திரும்பினார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"கசியாதுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மொதல்லயே தெரியும். எழுதிக் குடுத்தேங்க்கா."

"யாருக்கு? தெனம் குனிஞ்சி ஜாடியப் பாத்தவ நானு. எங்கிட்ட ஒரு வார்த்த வாயால சொல்றதுக்கு உங்களுக்கு என்னா கேடு?"

என்னிடம் மூன்று காரணங்கள் இருந்தன. வரிசையாகவே இருந்தன. ஒன்றுகூட அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியதாக இல்லை.

வாளியை மேனேஜரின் காலடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அக்கா பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.

"உங்களாலதான் மேடம் ஆளு போச்சு" என்றார் மேனேஜர்.

அவர் சொன்னதை முதல்முறையாக நான் மறுக்கவில்லை.