வாசலில் கிடக்கும் உப்பைத் தொடாதீர்கள்

இங்கே குளிர்காலத்தில் வாசலில் உப்பைக் கொட்டுகிறார்கள். படிகளில் ஈரம் உறைந்து கண்ணாடியாகிவிடாமல் இருக்க, வாளியிலிருந்து கல்லுப்பை அள்ளி இறைப்பார்கள். வந்த முதல் ஆண்டு அதைப் பார்த்து எனக்கே திக்கென்றது. எங்கள் மாரண்டஹள்ளிப் பக்கம் விடியற்காலையில் ஒரு வீட்டு வாசலில் உப்புக் கிடந்தால் தெருவே கூடிவிடும். யார் செய்வினை வைத்தது என்று மாலைவரை பேச்சு நடக்கும்.

குளிர்கால விடுமுறைக்கு இத்தாலி வர நினைக்கும் ஊர்க்காரர்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, ஆனாலும் எழுதுகிறேன். ஒரே தடித்த ஸ்வெட்டரை நம்பாமல் மெல்லியதாக மூன்று அடுக்கு அணியுங்கள். அடியில் பிடிப்புள்ள பூட்ஸ் வாங்குங்கள். பொங்கல் முடிந்து வந்தால் கிறிஸ்துமஸ் கூட்டம் ஓய்ந்திருக்கும். சீக்கிரம் இருட்டிவிடும், பார்க்க வேண்டியதைக் காலையிலேயே பாருங்கள். சிற்றூர்களில் மதியம் கடைகளைச் சாத்திவிடுவார்கள். சென்ற குளிர்காலத்தில், தக்காளிச் சாகுபடி முடிந்த கையோடு வந்த என் அக்காவுக்கும் இதையெல்லாம் சொல்லியிருந்தேன். மெட்டியில் மாட்டிக் கிழிந்த சாக்ஸைத் தைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டார். உப்பைப் பற்றி மட்டும் சொல்லத் தோன்றவில்லை.

நான் பொலோஞ்ஞா நகரத்துக்குப் பக்கத்து ஊரில் டைல்ஸ் ஆலையில் வேலை செய்கிறேன், தனி ஆள். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரம்மா ரோசா; இங்கே மரியாதையாகச் சிஞ்ஞோரா என்று கூப்பிட வேண்டும். அக்கா வந்த மாதம்தான் என் வாடகை ஒப்பந்தம் முடியவிருந்தது. வெளிநாட்டவருக்கு இனி வீடு தர வேண்டாம் என்று அவர் மகன் சொல்லிக்கொண்டிருந்தார். என் முகத்துக்கு இங்கே இன்னொரு வீடு கிடைப்பது எளிதல்ல. அதனால் கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டிருந்தேன்.

அக்கா வந்த சில நாட்களில் ஒரு காலை, கீழே அலறல் கேட்டு ஓடினேன். சிஞ்ஞோரா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். படியெல்லாம் மஞ்சள் நிறத்தில் பனிக்கட்டி. பக்கத்தில் அக்கா, கையில் காலி வாளியோடு.

"எவளோ வாசப்படியில உப்பக் கொட்டிட்டுப் போயிருக்காடா. பாத்துட்டு சும்மா இருக்கச் சொல்றியா? மஞ்சத் தண்ணி ஊத்திக் கழுவி வுட்டேன்."

"அக்கா, அது இந்தம்மாவே போட்டதுக்கா."

"அவ வூட்டுக்கு அவளேவா வெச்சுக்குவா?"

சிஞ்ஞோராவுக்கு வலியைவிட ரோஷம் அதிகம். "என் படி அவ்வளவு அழுக்கா? சனவரியில் யாராவது படியைக் கழுவுவார்களா?" என்று என்னிடம் கேட்டார்.

எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான் என்றார் மருத்துவர். ஆனால் அன்றே மகன் தொலைபேசியில், ஈஸ்டருக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

"போனாப் போவுது" என்றார் அக்கா. "இவங்ககிட்ட எதுக்குக் கெஞ்சிக்கிட்டு? வந்துருடா. நம்ம வூட்டு மேல் ரூம் சும்மாத்தான் கெடக்குது."

மறுநாள் சிஞ்ஞோராவிடம் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் இத்தாலியின் தென்கோடியில் பிறந்தவர். கண்ணேறுக்கு அவர்கள் ஊரிலும் மலோக்கியோ என்று பெயர் இருக்கிறது. "என் வீட்டுக்கு யாரோ கெடுதல் செய்ததாக நினைத்தாளா? அதையா வெறுங்கையால் கழுவினாள்? என் அம்மாகூடத் தொட்டிருக்க மாட்டாள்" என்றார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு அனுப்பி, கட்டுப் போடாத கையால் இழுத்துச் சமையலறையில் உட்காரவைத்தார். காப்பி வந்தது.

"வீடு என் பெயரில் இருக்கிறது, மகன் பெயரில் அல்ல" என்றார் என்னிடம். "நான்கு வருடத்துக்கு எழுதித் தருகிறேன். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள். நான்கு வருடமும் இருப்பீர்களா, நடுவில் ஊருக்குப் போய்விடுவீர்களா?"

"என்னடா கேக்குது இந்தம்மா?"

சொன்னேன்.

"நானும் அதத்தான்டா கேக்குறேன்" என்றார் அக்கா.

இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வேதியாமோ" என்றேன் ஒருவரிடம். "பாக்கலாங்க்கா" என்றேன் மற்றவரிடம். இரண்டு மொழியிலும் அதற்கு ஒரே பொருள்தான். இருவர் முகமும் ஒரே மாதிரி வாடியது. நான் சர்க்கரை போடாத காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.