கரண்ட் போகாத ஊர்க்காரி

அரியாங்குப்பத்து ஹேமலதாவுக்கு ஒரு பெருமை உண்டு. பாண்டிச்சேரிக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள பெருமைதான். எல்லையைத் தாண்டிக் கடலூர்ப் பக்கம் போனால் பாதி நாள் இருட்டு, நம்ம ஊரில் கரண்ட் போகாது. 2008-இல் இந்தப் பீற்றலைக் கேட்டு வெளியூர் உறவினர்கள் பல்லைக் கடித்தார்கள்.

மில் தொழிலாளி சாமிக்கண்ணுவின் மூத்த மகள் அவள். மில் படுத்த பிறகும் அப்பா எப்படியோ அவளை எஞ்சினியராக்கிவிட்டார். வைசியாள் வீதியில், மாடியில் இருந்த ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைக் கம்ப்யூட்டருக்குள் அப்படியே உருவாக்கி ஓட்டிப் பார்ப்பாள். காற்று கூடினால் இறக்கை தன் அச்சில் எவ்வளவு திரும்பிக் காற்றுக்கு விலக வேண்டும், எவ்வளவு வேகமாகத் திரும்ப வேண்டும் என்று புரோகிராம் எழுதி அனுப்புவாள். நிஜக் காற்றாலையை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. தம்பி வடிவேலுவை அங்கே டெக்னீசியனாகச் சேர்த்துவிட்டதும் அவள்தான்.

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது ஆபீஸ் மின்விசிறி நின்றது.

"அட, நம்ம ஊர்லயே போயிடுச்சே!" என்று யாரோ சிரித்தார்கள்.

ஹேமலதாவும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை.

காலையில் அனுப்பிய புது புரோகிராமில், கியர்பாக்ஸ் அதிராமல் இருக்கட்டுமென்று இறக்கை திரும்பும் வேகத்தைக் குறைத்திருந்தாள். எல்லாவிதக் காற்றையும் வைத்துச் சோதித்தாள். கரண்ட் லைன் போனால் என்னவாகும் என்பதை மட்டும் பார்க்கவில்லை. அது போகும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. லைன் போய்விட்டால் காற்றாலையை இழுத்துப் பிடிக்கச் சுமை கிடையாது. இறக்கை அந்த நொடியே காற்றுக்கு விலகித் திரும்பாவிட்டால் தறிகெட்டுச் சுற்றும்.

பேட்டரியில் ஓடிய கம்ப்யூட்டரில் லைனைத் துண்டித்துப் பார்த்தாள். வேகக் கோடு ஏறியது. ஏறிக்கொண்டே போனது. பிரேக் போட்டும் இறங்கவில்லை.

டெக்னீசியன்கள் கோபுர உச்சிக்கு ஏறித்தான் புது புரோகிராமை மெஷினில் ஏற்றுவார்கள். ஏற்றியதும் எல்லோரும் கீழே இறங்கிய பிறகுதான் ஓட்ட வேண்டும். சட்டம் அதுதான். ஆனால் அந்த உயர ஏணியை மறுபடி ஏற யாருக்கு மனசு வரும்? பாதிப்பேர் மேலேயே உட்கார்ந்துகொள்வார்கள். செல்போனையும் கீழேயே வைத்துவிட்டு ஏறுவார்கள். எல்லாம் வடிவேலு ஊருக்கு வந்தபோது சொன்னதுதான்.

அவன் போன் அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தாள். கடைசியில் கோபுரத்தடியில் நின்ற மூத்த டெக்னீசியன் தேவதாஸ் எடுத்தார்.

"வடிவேலு எங்கண்ணே?"

"மேல இருக்கான்மா. புதுசு ஏத்தியாச்சு, மெசினு நல்லா ஓடுது."

"நிறுத்துங்கண்ணே! உடனே!"

"ஆடிக் காத்துல நிறுத்துறதா? மேனேஜரு என்னைத் தொலைச்சுடுவாரு. காலையில, இதை ஏத்துறதுக்கு முன்னாடி, ரெண்டு வாட்டி லைன் போனதுக்கே குதிச்சாரு."

ரெண்டு வாட்டி. மூன்றாவது எந்த நிமிடமும் வரலாம். அறை வாசலில் முதலாளி வந்து நின்று அவளையே பார்த்தார். வேலை போனால் போகட்டும்.

"நான் தப்பா எழுதிட்டேன்ணே! லைன் போனா மெசினு அடங்காது. என் தம்பி செத்துடுவான், நிறுத்துங்க!"

போனுக்குள் வாக்கிடாக்கி கரகரத்தது. யாரோ கத்தினார்கள். பிறகு காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு மேஜை விளிம்பைப் பிடித்தபடி நின்றாள்.

"நின்னுடுச்சும்மா," என்றார் தேவதாஸ்.

அவள் போனை வைக்கவில்லை. தம்பி இறங்கி வந்து அவன் குரலைக் கேட்கும்வரை எந்தச் சொல்லையும் நம்புவதாக இல்லை. கடைசியில் மூச்சு வாங்க வந்தான்.

"ஏன்க்கா நிறுத்தச் சொன்ன? எப்பவும் நான் இறங்கிடுவேன், எனக்குப் பயம். இன்னைக்கு நீ எழுதுனதுன்னு சொன்னாங்க. அதான் தைரியமா மேலயே உக்காந்துட்டேன்."